இலையைத் திருப்பிப் பாருங்கள்: நாட்டு மரஞ்செடிகளில் இரைவிழுங்கிப் பேன்களைக் கணக்கெடுக்க ஒரு வழிகாட்டி

நல்ல மைக்ரோஸ்கோப் ஒன்று கிடைத்துவிட்டால் போதும் என்று நினைத்துத்தான் பலரும் இந்த வேலைக்கு வருகிறார்கள். மைக்ரோஸ்கோப் வேண்டும்தான். ஆனால் அதன் முறை வருவதற்கு இரண்டு மூன்று வாரம் ஆகும். அதுவரை வேண்டியது இலையைத் திருப்பிப் பார்க்கிற பொறுமையும் ஒரு பென்சிலும். பென்சில் எதற்கு என்பதைப் பிறகு சொல்கிறேன், நான் பட்ட பாடு அது.

சிலந்திப்பேன் என்றால் விவசாயிக்கு நினைவுக்கு வருவது வெண்டை, கத்தரி இலைகளை வெளிற வைக்கும் செம்பேன். அந்தச் செம்பேனையும் அதன் முட்டையையும் உறிஞ்சித் தின்கிற இன்னொரு கூட்டம் அதே இலையின் அடியில் ஓடிக்கொண்டிருக்கும். அவைதான் இரைவிழுங்கிப் பேன்கள். செடிகள் மேல் வாழ்கிறவற்றில் முக்கியமானது ஃபைட்டோசீடே என்ற குடும்பம். உலகெங்கும் 2,500க்கு மேற்பட்ட இனங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். உடல் நீளம் பெரும்பாலும் அரை மில்லிமீட்டருக்குள்தான்.

இவற்றை நம் நாட்டுச் செடிகளில் ஏன் தேட வேண்டும்? கோயம்புத்தூர் தென்னையில் கிடைத்த ஒரு சிவப்புப் பேனுக்கு 1924இல் ஹர்ஸ்ட் என்ற ஆய்வாளர் ராயோயெல்லா இண்டிகா என்று பெயர் வைத்தார். எண்பது ஆண்டு கழித்து, 2004இல், அது கரீபியன் கடலில் உள்ள மார்ட்டினிக் தீவில் தலைகாட்டி, அங்கிருந்து தென்னை, வாழை என்று பரவியது. அதை எது தின்னும் என்ற கேள்வி வந்தபோது ஆய்வாளர்கள் தேடிப் போனது இந்தியப் பெருங்கடல் பக்கத்துத் தென்னைகளைத்தான். மரவள்ளியின் கதையும் இதுதான். ஆப்பிரிக்காவில் மரவள்ளியை வாட்டிய பச்சைப் பேனுக்கு எதிரி தென் அமெரிக்காவில் கிடைத்தது. பிரேசிலிலிருந்து கொண்டுபோன டைஃப்லோட்ரோமாலஸ் அரிப்போ என்ற இரைவிழுங்கியை 1993இல் பெனின் நாட்டில் விட்டார்கள். பகலில் அது மரவள்ளியின் நுனிக் குருத்துக்குள் ஒண்டிக்கொள்ளும், இரவில் இறங்கி வந்து இலைகளில் வேட்டையாடும். ஒண்ட இடம் இருந்ததால்தான் அது அங்கே நிலைத்தது.

இந்த ‘ஒண்ட இடம்’ என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பேனைத் தேடாதீர்கள், பேனுக்கு வீடாகக்கூடிய இலையைத் தேடுங்கள் என்றுதான் புதிதாக வருகிறவர்களிடம் நான் சொல்வது.

இடமும் அனுமதியும்

கிழக்குக் கடற்கரையை ஒட்டிய ஒரு கோவில் காட்டை எடுத்துக்கொண்டு சொல்கிறேன். புதுக்கோட்டை, கடலூர், விழுப்புரம் பக்கம் அய்யனார் கோவிலைச் சுற்றி இரண்டு ஏக்கர், ஐந்து ஏக்கர் என்று இப்படிப்பட்ட துண்டுக் காடுகள் மிஞ்சியிருக்கின்றன. வீரை, உலக்கைப்பாலை, காசான், காட்டு எலுமிச்சை, நாவல், வெப்பாலை, சூரைமுள் எல்லாம் நெருங்கி நிற்கும். சிறிய பரப்பில் நிறைய இனம் இருப்பதால் தொடக்கக்காரருக்கு நடையும் மிச்சம்.

காப்புக்காடு என்றால் வனத்துறையின் எழுத்து அனுமதி இல்லாமல் ஒரு இலையும் பறிக்கக் கூடாது. கோவில் காட்டில் ஊர்ப் பெரியவர்களையும் பூசாரியையும் கேளுங்கள். சில காடுகளில் சுள்ளி பொறுக்குவதுகூட ஆகாது. சிலவற்றில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும், சூரைமுள் இருக்கும் இடத்தில் அது எவ்வளவு சுகம் என்று போனால் தெரியும். என்ன செய்யப் போகிறோம் என்பதை லென்ஸைக் கையில் கொடுத்தே காட்டிவிடுங்கள். இலையடியில் ஓடும் பேனை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால், அடுத்த முறை எந்த மரத்தில் ஏறலாம் என்று அவர்களே சொல்வார்கள்.

செடியின் பெயர் தப்பாகிவிட்டால் மொத்தக் கணக்கும் தப்பு. ஒவ்வொரு இனத்திலும் பூ அல்லது காயோடு ஒரு கிளையை அழுத்தி உலர்த்தி வையுங்கள். சந்தேகம் வந்தால் திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியத்தில் (உலர்த்திய செடிகளின் சேகரிப்பு) அல்லது புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் ஹெர்பேரியத்தில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஊர்ப் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். ‘பாலை’ என்ற பெயரில் எத்தனை மரம் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தாலே புரியும்.

இலையை வாசிப்பது

முதல் நாள் ஒன்றும் சேகரிக்காதீர்கள். 10 மடங்கு அல்லது 20 மடங்கு லென்ஸை எடுத்துக்கொண்டு இலைகளின் அடிப்பக்கத்தை மட்டும் பாருங்கள்.

நடுநரம்பிலிருந்து பக்க நரம்பு பிரிகிற மூலையைக் கவனியுங்கள். சில செடிகளில் அங்கே சின்னக் குழியோ முடிக்கற்றையோ இருக்கும். டொமேஷியா என்பது இதன் பெயர், பேன்வீடு என்று நான் சொல்வது வழக்கம். ஸ்வீடன் தாவரவியலாளர் லுண்ட்ஸ்ட்ரோம் 1887லேயே இதைப் பேன்களோடு தொடர்புபடுத்தி எழுதிவிட்டார். காபி இலையில் இந்தக் குழி தெளிவாகத் தெரியும். சமவெளியில் காபிக் குடும்பத்து உறவினர்களான நுணா, காரை போன்றவற்றில் தேடிப் பாருங்கள். குண்டூசி முனையால் குழியை மெல்லக் கிளறினால் பேனோ, அதன் முட்டையோ, உரித்துப்போட்ட சட்டையோ வரும். ஃபைட்டோசீட் முட்டைகள் வறண்ட காற்றில் சுருங்கிப்போகும். குழிக்குள் ஈரம் கொஞ்சம் கூடுதல், பெரிய எதிரிகளும் நுழைய முடியாது. செடிக்கும் காவல் கிடைக்கிறது. வாடகை சரியாகப் போய்விடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது முடி. துத்தி போல வெல்வெட் இலை உள்ளவற்றில் ஃபைட்டோசியஸ் என்ற பேரினம் கிடைக்க வாய்ப்பு அதிகம். முடிக்காட்டுக்குள் புகுந்து திரிகிற வகை அது. வழவழப்பான இலைகளில் யூசியஸ் பேரினத்தைப் பார்க்கலாம். யூசியஸ் மகரந்தத்தைத் தின்றே குஞ்சு பொரித்துப் பெருகும். அதனால் பக்கத்தில் எது பூத்திருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். பூவரசு இலையின் அடியில், நடுநரம்பின் அடிப்பகுதியில் தேன் சுரக்கும் இடம் இருக்கிறது. ஆமணக்கின் இலைக்காம்பிலும் உண்டு. அங்கே எறும்பை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள்.

பேனை அடையாளம் காண்பது எப்படி? ஃபைட்டோசீட் பேன் துளி வடிவில், பளபளப்பாக, கண்ணாடிக்கும் வைக்கோலுக்கும் இடைப்பட்ட நிறத்தில் இருக்கும். செம்பேனைத் தின்றிருந்தால் வயிறு சிவந்திருக்கும். கண் கிடையாது, முன்னங்கால் இரண்டையும் தடவித் தடவி ஓடும். செம்பேன் மந்தமாக நகரும், தோளில் இரண்டு சிவப்புக் கண்புள்ளி தெரியும். செம்பேன் முட்டை உருண்டை, ஃபைட்டோசீட் முட்டை நீள்வட்டம். இலையை ஊதினால் விழுந்தடித்து ஓடுகிறதா? பெரும்பாலும் நம்ம ஆள்தான்.

பறிப்பதும் தட்டுவதும்

நான் முதலில் செய்த கணக்கெடுப்பு மொத்தமாக வீண். ஒரு மரத்தில் 30 இலை, இன்னொன்றில் 200 இலை என்று கைக்கு வந்தபடி பறித்துவிட்டு, எதில் இனம் அதிகம் என்று ஒப்பிட உட்கார்ந்தேன். இலை அதிகம் பறித்த மரத்தில்தான் இனம் அதிகம் இருந்தது, வேறென்ன இருக்கும்! எல்லாச் செடிக்கும் ஒரே அளவு உழைப்பு என்பதை ஆரம்பத்திலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

புதியவர்களுக்கு நான் பரிந்துரைப்பது: 12 செடி இனம், ஒவ்வொன்றிலும் 5 செடி, ஒவ்வொரு செடியிலும் 20 இலை. ஆக ஒரு இனத்துக்கு 100 இலை, ஒரு சுற்றுக்கு 1,200 இலை. கேட்கச் சின்ன எண்ணிக்கையாகத் தெரியும், பார்த்து முடிக்கும்போது கழுத்து சொல்லும். இளந்தளிரையும் பழுத்ததையும் விட்டுவிட்டு நடுப்பருவ இலையை, மரத்தின் நாலு பக்கத்திலும், உள்நிழலிலிருந்தும் எடுங்கள். நாவல் இலையும் சூரைமுள் இலையும் ஒரே அளவில்லையே என்றால், சரியான கேள்விதான். ஒவ்வொரு இனத்திலும் பத்து இலையை வரைபடத்தாளில் வைத்து வரைந்து சராசரிப் பரப்பைக் கண்டுபிடித்துவிட்டால், பேன் எண்ணிக்கையை 100 சதுர செ.மீ.க்கு இவ்வளவு என்று மாற்றிக்கொள்ளலாம்.

இலையை மெல்லப் பறித்து, ஒரு டிஷ்யூ தாளோடு ஜிப் பையில் போட்டு, ஐஸ் கட்டி வைத்த தெர்மாகோல் பெட்டிக்குள் வையுங்கள். வெயிலில் ஐந்து நிமிடம் பையை வைத்தாலும் உள்ளே வியர்த்து, பேன் நீர்த்துளியில் ஒட்டிச் செத்துவிடும். வீட்டுக்கு வந்ததும் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து இரண்டு நாளுக்குள் பார்த்துவிடுவது நல்லது.

எட்டாத கிளைக்கும் முள் செடிக்கும் தட்டும் முறை. கறுப்பு சார்ட் அட்டையைக் கிளைக்கடியில் பிடித்துக் குச்சியால் ஐந்து தட்டு தட்டுங்கள். வெளிர் நிறப் பேன் கறுப்பில் பளிச்சென்று ஓடும். நனைத்த 000 எண் தூரிகையின் நுனியால் தொட்டு ஆல்கஹாலில் போடுங்கள். வேகமான முறைதான், ஆனால் குழிக்குள் இருப்பவை விழாது. தட்டியே கணக்கெடுத்தவர் பேன்வீட்டுக்காரர்களைப் பார்க்காமலே போய்விடுவார். இரண்டு முறையின் எண்ணிக்கையையும் ஒன்றாகக் கூட்டிவிடாதீர்கள்.

கனமழை பெய்தால் மூன்று நான்கு நாள் பொறுங்கள், மழை இலையைக் கழுவிவிட்டிருக்கும். வடகிழக்குப் பருவமழை முடிந்த ஜனவரியில் ஒரு சுற்று, ஏப்ரலில் ஒன்று, ஆகஸ்டில் ஒன்று என்று குறைந்தது மூன்று தடவை போனால்தான் படம் ஓரளவு தெளியும்.

பென்சில் சமாச்சாரம்

ஒரு தடவை நாற்பது குப்பிக்கும் பால்பாயின்ட் பேனாவால் சீட்டு எழுதி உள்ளே போட்டேன். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் ஆல்கஹால் நீலமாக இருந்தது, சீட்டு வெள்ளையாக இருந்தது. பேன்கள் நன்றாகவே இருந்தன, எந்த மரத்துப் பேன் என்றுதான் தெரியவில்லை. பென்சிலால் கெட்டித் தாளில் எழுதி, குப்பியின் வெளியே ஒட்டாமல் உள்ளே போடுங்கள். செடியின் பெயர், இடம், நாள், எடுத்தவர், எந்த முறை, எத்தனை இலை. ஒன்றுமே கிடைக்காத செடிக்கும் குறிப்பேட்டில் ‘0’ என்று எழுதுங்கள். எழுதாமல் விட்ட செடியும், தேடியும் கிடைக்காத செடியும் பிறகு பார்க்கிறவருக்கு ஒன்றுபோலத் தெரியும்.

வீட்டில்

ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப்பின் கீழ் இலையை அடிப்பக்கம் மேலே வைத்து நரம்பு நரம்பாகப் போங்கள். கல்லூரியில் கிடைக்கும் 40 மடங்குக் கருவியே தாராளம். இலை அதிகம் என்றால் கழுவும் முறை இருக்கிறது: இலைகளை 70% எத்தனாலில் போட்டுக் குலுக்கி, முதலில் பெரிய கண் சல்லடையிலும் பிறகு 200 மெஷ் சல்லடையிலும் வடிகட்டுங்கள். 200 மெஷ் கண் சுமார் 75 மைக்ரான், பேன் தங்கிவிடும். சல்லடை வாங்கப் பணம் இல்லையென்றால் ஸ்க்ரீன் பிரிண்டிங் கடையில் அதே அளவு துணி வாங்கி பிவிசி பைப் துண்டில் கட்டிக்கொள்ளலாம்.

ஃபைட்டோசீட் அல்லாத இரைவிழுங்கிகளும் வரும். வட்டமடித்துச் சுற்றி ஓடும் சிவப்புப் பேன் அனிஸ்டிடே. சிறிதாக, மஞ்சளும் சிவப்புமாக இருக்கும் ஸ்டிக்மெய்டே. நீண்ட மூக்கு நீட்டிக்கொண்டு வருபவை க்யூனாக்சிடே, டெல்லிடே. இவற்றைக் குப்பையில் போட வேண்டாம், தனிக் குப்பி கொடுங்கள். ஆமை ஓடு போலக் கறுத்துக் கெட்டியாக இருப்பவை ஓரிபாட்டிடா, அவை பாசி, பூஞ்சை தின்கிற சாதுக்கள்.

ஸ்லைடு

இனம் தெரிய வேண்டுமென்றால் ஸ்லைடு போட்டே ஆக வேண்டும். வழக்கமான ஊடகம் ஹோயர் கரைசல்: காய்ச்சி வடித்த நீர் 50 மி.லி., கருவேலம்பிசின் வகையைச் சேர்ந்த கம் அராபிக் 30 கிராம், குளோரல் ஹைட்ரேட் 200 கிராம், கிளிசரின் 20 மி.லி. இந்த வரிசையிலேயே, சூடாக்காமல் கரைத்து, கண்ணாடிக் கம்பளி வழியே வடிகட்டவும். குளோரல் ஹைட்ரேட் மயக்க மருந்து, நச்சு. கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம். வீட்டுச் சமையலறையில் கலக்காதீர்கள், கல்லூரி ஆய்வகத்தில் ஆசிரியர் மேற்பார்வையில் கலந்துகொள்ளுங்கள்.

ஸ்லைடின் நடுவில் சிறு துளி. அதில் ஒரே ஒரு பேன், முதுகு மேலே, தலை உங்களைப் பார்த்து. காம்பவுண்ட் மைக்ரோஸ்கோப் படத்தைத் தலைகீழாக்குவதால் அப்போதுதான் பேன் நேராகத் தெரியும். கால்களைப் பரப்பிவிட்டு, கவர் ஸ்லிப்பைச் சாய்வாக இறக்குங்கள். 45 முதல் 50 டிகிரி வெப்பத்தில் ஒரு வாரம். பேன் தானாகத் தெளிந்து கண்ணாடியாகிவிடும். மரபணு ஆய்வுக்கும் வேண்டுமென்றால் அதே செடியின் சில பேன்களை முன்கூட்டியே 95% எத்தனாலில் தனியாக ஃப்ரீசரில் வையுங்கள்.

பெயர் வைப்பது

வளர்ந்த பெண் பேனை வைத்துத்தான் இனம் சொல்ல முடியும். ஆணும் குஞ்சுகளும் குழப்பும். ஆறு கால் இருந்தால் அது லார்வா, விட்டுவிடுங்கள். நிறமில்லாத உடலின் விளிம்புகளைத் தெளிவாகக் காட்டும் ஃபேஸ் கான்ட்ராஸ்ட் வசதியுள்ள மைக்ரோஸ்கோப்பில் 400 மடங்கிலிருந்து தொடங்கிப் பாருங்கள்.

பார்க்க வேண்டியது நாலு இடம். முதுகுக் கவசத்தில் உள்ள முடிகளின் எண்ணிக்கையும் நீளமும், வயிற்றின் பின்பக்கத் தகட்டின் வடிவம், விந்துப்பையின் கழுத்து, நாலாவது காலில் உள்ள நீண்ட முடிகள். முதுகு முடி ஒவ்வொன்றுக்கும் எழுத்தும் எண்ணும் உண்டு. இசட்-3, எஸ்-6 என்ற இரண்டு முடியும் இல்லையென்றால் அம்ப்ளிசைனே துணைக்குடும்பம். இரண்டில் ஒன்றாவது இருந்தால் மற்ற இரண்டு துணைக்குடும்பங்களான டைஃப்லோட்ரோமினே, ஃபைட்டோசைனே பக்கம் போக வேண்டும். யூசியஸில் பின்தகடு இடுப்புச் சிறுத்த குடம் போல இருக்கும். அம்ப்ளிசியஸில் மூன்று ஜோடி முடி மட்டும் சாட்டை போல நீண்டு நிற்கும். அம்ப்ளிசியஸ் லார்கோயென்சிஸ் இப்படித்தான். தென்னந்தோப்பு பக்கத்தில் இருந்தால் அது உங்கள் ஸ்லைடில் வந்தே தீரும். செம்பேன் கூட்டத்துக்கு நடுவில் முதுகெல்லாம் நீண்ட முடியோடு ஒன்று கிடைத்தால் நியோசியூலஸ் லாங்கிஸ்பைனோசஸ்தானா என்று சரிபாருங்கள்.

இந்திய இனங்களுக்கு எஸ்.கே. குப்தா எழுதி, இந்திய விலங்கியல் ஆய்வகம் 1986இல் வெளியிட்ட ஃபைட்டோசீடே தொகுதிதான் கைவிளக்கு. பெயர்கள் பல பிறகு மாறிவிட்டன. அதில் அம்ப்ளிசியஸ் என்று இருப்பது இன்று யூசியஸாகவோ நியோசியூலஸாகவோ இருக்கும். பெயர் உறுதியாகவில்லை என்றால் ‘யூசியஸ் இனம் 1’ என்று எழுதுங்கள். தவறான பெயரைவிட அது ஆயிரம் மடங்கு மேல்.

எண்ணிக்கை

இனப் பன்மையை ஒரே எண்ணில் சொல்லும் ஷானன் குறியீட்டை எந்தக் கணினி நிரலும் போட்டுத் தந்துவிடும், அதில் நேரம் செலவழிக்க வேண்டாம். எனக்குப் பயன்பட்டது இரண்டு விஷயம்தான். ஒன்று, இலை கூடக் கூட இனம் எப்படிக் கூடுகிறது என்ற வளைகோடு. அது தட்டையாகும் வரை வேலை முடியவில்லை என்று பொருள். இன்னொன்று, கண்ணில் படாத இனங்களையும் சேர்த்துக் கணிக்கும் சாவோ மதிப்பீடு. ஒரே ஒரு தடவை மட்டும் கிடைத்த இனங்களின் எண்ணிக்கையை அதாலேயே பெருக்கி, இரண்டே தடவை கிடைத்த இனங்களின் எண்ணிக்கையின் இரு மடங்கால் வகுத்து, கண்ட இனங்களோடு கூட்ட வேண்டும். 14 இனம் கண்டீர்கள், அதில் 6 ஒரே தடவை, 3 இரண்டு தடவை என்றால் 36ஐ 6ஆல் வகுக்க 6. ஆக அந்தக் காட்டில் குறைந்தது 20 இனம் இருக்கலாம். ஆறு இன்னும் உங்கள் கண்ணில் படவில்லை.

புது இனம் என்று தோன்றினால் அவசரப்பட்டு அறிவிக்க வேண்டாம். 2002ஆம் ஆண்டின் உயிரியல் பல்வகைமைச் சட்டப்படி, புதிதாகக் கண்டறிந்த இனத்தின் மாதிரியை அதற்கென அறிவிக்கப்பட்ட காப்பகத்தில் ஒப்படைத்துத் தெரிவிக்க வேண்டும். வெளிநாட்டு நிபுணருக்கு ஸ்லைடு அனுப்புவதென்றால், சென்னையிலேயே இருக்கும் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் விதிகளை முதலில் படித்துவிடுங்கள்.

கடைசியாக ஸ்லைடுப் பெட்டி. ஹோயர் காற்றின் ஈரத்தை இழுக்கும், நம் கடற்கரை ஊர்களில் கேட்கவே வேண்டாம். நன்றாகக் காய்ந்தபின் கவர் ஸ்லிப்பின் ஓரத்தைச் சுற்றி நெயில் பாலிஷ் இரண்டு பூச்சு பூசுங்கள். பெட்டியைப் படுக்கை வசமாக வையுங்கள். நிமிர்த்தி வைத்தால், உள்ளே இன்னும் இளகியிருக்கும் துளியில் பேன் மெல்லச் சறுக்கி, மழைக்காலம் முடிவதற்குள் கண்ணாடியின் ஓரத்துக்குப் போய்விடும்.